வழுக்குமரத்தில் ஒரு ரோசின் கட்டி

கிரீச்ச்.

கேட்டதா சார்? கொஞ்சம் பொறுங்கள், மறுபடி வரும். கிரீச்ச். ஆ, அதேதான். முன்சீட்டு அம்மா பிரேக் என்று நினைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேக் இல்லை. பெல்ட். எஞ்சினுக்குள் ஏதோ ஒரு பெல்ட் புல்லியில் நழுவுகிறது. எனக்குக் கண் வேண்டாம், காது போதும். இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி பூராவும் அந்தச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்குச் சம்பளம்.

ரைஸ் மில். ராத்திரி ஷிப்ட். இப்போதுதான் முடித்துவிட்டு வருகிறேன். நீங்கள் தென்காசிதானே? நான் அதற்கு நாலு ஸ்டாப் முன்னால். ஒருவேளை தூங்கிவிட்டால் தட்டி எழுப்புங்கள். தூங்க மாட்டேன், சும்மா சொல்லிவைக்கிறேன். அப்படி நேரம் காலம் இல்லாமல் தூங்குகிற ஆள் நான் இல்லை.

பொட்டலத்தைப் பார்க்கிறீர்கள். வாசனை வருகிறதா? பிரித்தே காட்டுகிறேன். பாருங்கள், தேனை உடைத்துத் துண்டு போட்ட மாதிரி இல்லை? கற்கண்டு இல்லை, வாயில் போட்டுவிடாதீர்கள். போன மாதம் இதே பஸ்ஸில் ஒரு செக்கர் ஆசையாக ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஊர் வரும் வரைக்கும் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. பல் திறந்தால்தானே?

ரோசின். பைன் மரத்துப் பிசின். வடக்கே மலையில் அந்த மரத்தைக் கீறிச் சட்டி கட்டிவிடுவார்கள், இங்கே ரப்பர் மரத்துக்குச் செய்கிற மாதிரி. வடிகிறதைக் காய்ச்சினால் ஆவியாகப் போய்க் குளிர்ந்து வருவது டர்பன்டைன். அடியில் தங்குவது இது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஒருத்தன் ஒட்டுவான், இன்னொருத்தன் பிரிப்பான். நம் குடும்பங்களில் இல்லையா, அது மாதிரி.

எட்டாவதோடு நின்றவன் சார் நான். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்பீர்கள். ராத்திரி டீக்கு வடை மடித்து வருகிற பேப்பர் இருக்கிறதே, அதுதான் எனக்குக் காலேஜ். எண்ணெய் ஊறின இடத்தில் இருந்த பாடம் மட்டும் தெரியாது. மற்றதைக் கேளுங்கள், சொல்கிறேன். வயலின் வில்லில் இதைத் தேய்க்காவிட்டால் கம்பி பேசாது. ரேடியோ ரிப்பேர்காரர் பற்றவைக்கும்போது ஒரு புகை வரும், அது இது. காகிதத்தில் மை பரவாமல் நிற்கிறது என்றால் உள்ளே இவன் இருக்கிறான். எங்கள் மில்லில் பெல்ட்டுக்கு. பழைய மில், பட்டை பெல்ட். நழுவ ஆரம்பித்தால் இதை விளக்கெண்ணெயில் உருக்கி, உள்பக்கமாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டி மாதிரி பிடித்துக்கொள்ளும். எனக்குக் கட்டின பெண்டாட்டி கிடையாது, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். பெண் பார்க்கப் பகலில்தானே போகவேண்டும்? பகலில் நடக்கிறதெல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் வரும். கல்யாணம், சண்டை, சாவு எதுவானாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு முகம் கழுவும்போது பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.

இந்தக் கட்டியால் எனக்கு ஒரு கதை ஆனது. எங்கள் ஊரில் இறங்கிக் கேட்டால் வேறு மாதிரி சொல்லிச் சிரிப்பார்கள். நீங்கள் வெளியூர். நடந்ததை நடந்தபடி என்னிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே தங்கை. செண்பகம். இரண்டு தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை பேர் கொம்பையா, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். தங்கமான மனுஷன், கோபம் மட்டும் காயாத பெயின்ட் மாதிரி, தொட்டால் ஒட்டும். அவர்களுடைய மூத்த பெண் ஹரிணிக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்து என்றால் உங்களுக்குத் தெரியும், தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார வேண்டும். மாமன் மடி இல்லாமல் ஆசாரி கம்பியை எடுக்க மாட்டார். பிள்ளைக்கு ஒரே மாமன் நான்.

நான் போகவில்லை.

அதாவது, போகாமல் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தேன், குளித்தேன், புது வேட்டி கட்டினேன், பிள்ளைக்கு வாங்கின தோட்டைப் பையில் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் கண்ணை மூடினேன். தூங்கவில்லை சார், கண்ணை மூடினேன். திறந்து பார்க்கிறேன், வெயில் மேற்கே போயிருக்கிறது.

ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்குக் காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம் வைத்தால் அது யார் தப்பு? அதைத்தான் கேட்டேன். பிள்ளையை வெள்ளத்துரை மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். வெள்ளத்துரை எங்கள் பெரியம்மா மகன், மடி என்று சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை, தொப்பைக்குக் கீழே நாலு விரற்கடை. அந்தப் பிள்ளை எப்படித்தான் உட்கார்ந்ததோ! ஊரில் நாலு பேர் என்னைக் கேட்டார்கள், என்னப்பா, மாமனைக் காணோமே என்று. நான் என்ன சொல்ல? மாப்பிள்ளை எனக்கு ஒன்பது மணி என்றுதான் சொன்னார் என்றேன். சொல்லாமல் எப்படித் தப்பிக்கிறது? பத்திரிகையில் ஏழரை என்று போட்டிருந்ததாம். பத்திரிகையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்?

அதற்குப் போய் ஆறு வருஷம் பேசவில்லை அவர்கள். தங்கையும்தான். எதிரே வந்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு சின்னப் பொய்க்கு ஆறு வருஷம். பொய்கூட இல்லை, மணியைக் கொஞ்சம் தள்ளிச் சொன்னது.

இதற்கு நடுவில் இரண்டாவது பிள்ளை பிறந்தது, தன்ஷிகா. மூன்று வயது. போன வருஷம் ஐப்பசியில் அதற்குக் காதுகுத்து என்று, வழக்கம்போல் முகம் கழுவும்போது செய்தி வந்தது. மாமன் வெள்ளத்துரைதானாம். சார், ஒரு தரம் விட்டால் தவறியது என்று சொல்லலாம். இரண்டாவது தரமும் அவன் மடி என்றால் அப்புறம் அவன்தான் மாமன். சடங்கு, கல்யாணம், எல்லாச் சபையிலும் அவன்தான் முன்னால் நிற்பான். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், அதுவும் இலை போட்டால். என் மடியில் உட்கார வேறு பிள்ளை கிடையாது என்று சொன்னேனா?

மாசானம் டீக்கடையில் வைத்து மாப்பிள்ளையிடம் ஆள் விட்டுக் கேட்டேன். நான் இந்தப் பெஞ்சு, அவர் அந்தப் பெஞ்சு. நடுவில் மாசானம், இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி டீ ஆறிப்போயிற்று.

“மடி கேக்காரு,” என்றார் மாசானம்.

“யாரு, ஒறங்குமூஞ்சி மச்சானா? கண்ண முழிச்சு ஒரு வேல செய்யச் சொல்லும் வே. உறியடிக்கு வழுக்குமரம் நடுதோம்லா? அதுல ஏறச் சொல்லும். உச்சியத் தொட்டுட்டு வந்தாருன்னா மடியென்ன, பிள்ளையவே தூக்கிக் கையில தாரேன்.”

கடையே சிரித்தது. எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. கிருஷ்ணன் கோவில் வழுக்குமரம் முப்பது அடி. தேக்கு மரம், பட்டை உரித்து இழைத்தது. அதற்கு வழுக்கல் பூசுகிற உரிமை யாருக்கு என்கிறீர்கள்? கொம்பையா மாப்பிள்ளைக்குத்தான். பெயின்டர் இல்லையா. விளக்கெண்ணெய், சோற்றுக்கற்றாழை, விளாம்பழம், உளுந்து எல்லாம் கலந்து மூன்று கோட்டிங் அடிப்பார். வாலிபப் பசங்கள் ஒருத்தன் தோளில் ஒருத்தன் ஏறி நாலு மணி நேரம் போராடுவான்கள். ஒற்றை ஆளாக யாரும் பாதியைத் தாண்டினது கிடையாது.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. வழுக்கல்தானே பிரச்சினை? இருபத்தொரு வருஷமாக நான் எதற்குச் சம்பளம் வாங்குகிறேன்?

உறியடி அன்றைக்குக் காலையில் ஷிப்ட் முடிந்து நேரே வீடு. தூங்கவில்லை. மத்தியானம் அலுமினியச் சட்டியில் ரோசினை உடைத்துப் போட்டு விளக்கெண்ணெய் விட்டு உருக்கினேன். நல்ல பாகு. வெதுவெதுப்பாக ஆறியதும் உள்ளங்கை, உள்ளங்கால், தொடை, முழங்கால், வயிறு, நெஞ்சு, தாடை வரைக்கும் பூசிவிட்டேன். மில்லில் பெல்ட்டுக்கு உள்பக்கம் மட்டும்தான் பூசுவோம். எனக்கு எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று அந்தச் சமயத்தில் யோசிக்கத் தோன்றவில்லை. அது ஒன்றுதான் கணக்குப் பிசகு. மற்றபடி விஞ்ஞானம் சரி.

நாலு மணிக்கு மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். “அடுத்ததாக, வடக்குத் தெரு நம்பிராஜன் அவர்கள், தனி நபராக!” ஒரே விசில். தூரத்தில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் வெள்ளத்துரை, அவன் தொப்பை.

ஏறினேன் சார். ஏறினேன் என்றால், பல்லி மாதிரி. நல்ல வெயில், பசை இளகி அப்படியே வந்து கவ்வுகிறது. ஒரு கை, ஒரு கால், சப். இன்னொரு கை, இன்னொரு கால், சப். ஐந்தடி, பத்தடி. விசில் நின்றுபோயிற்று. பதினைந்து அடியில் கூட்டம் மூச்சே விடவில்லை. மாப்பிள்ளை கையைப் பிரித்துவிட்டார். பதினெட்டு அடி. இன்னும் பன்னிரண்டுதான்.

அப்போதுதான் தண்ணீர் அடித்தார்கள். அது வழக்கம், ஏறுகிறவன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும், வழுக்கட்டும் என்று. நாலு பக்கமும் வாளி வாளியாக. எனக்கு வழுக்கவில்லை. சூட்டில் இளகின பசை குளிர்ந்த தண்ணீரில் இறுகிவிட்டது. அடுத்த கையை எடுக்கிறேன், வரவில்லை. காலை எடுக்கிறேன், வரவில்லை. நெஞ்சை எடுக்கலாம் என்றால் நெஞ்சு முடி பூராவும் மரத்துக்கு எழுதிவைத்தாயிற்று. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மில்லில் பெல்ட் ஒட்டினாலும் பதினைந்து ஹெச்.பி. மோட்டார் இழுத்துக்கொண்டு போகும். எனக்குள்ளே காலையில் சாப்பிட்ட இரண்டு வடைதான் இருந்தது.

ஒன்று சொல்கிறேன். அந்த மரம் நட்ட நாளிலிருந்து அதில் ஏறி வழுக்காத ஒரே மனுஷன் நான்தான். அதை எங்கள் ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

மைக்கில் ஆரம்பித்தார்கள். “மரத்தில் இருக்கும் அன்பர் தயவுசெய்து கீழே இறங்கி, பின்னால் வருபவர்களுக்கு வழிவிடவும்.” கொஞ்ச நேரம் கழித்து, “சாமி புறப்பாட்டுக்கு நேரமாகிறது. மரத்தில் ஒட்டியிருக்கும் அன்பர்...” ஏணி எடுத்துவர மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் ஓடியது. ஊரில் அவ்வளவு பெரிய ஏணி பெயின்டரிடம்தானே இருக்கும்?

அவர்கள் வருகிற வரைக்கும் எனக்கு என்ன வேலை? காற்று நன்றாக வந்தது. உடம்பு எங்கேயும் விழாது என்று தெரியும். மரத்தில் கன்னத்தைச் சாய்த்து அஞ்சு நிமிஷம் கண்ணை மூடினேன்.

கன்னத்தில் ஏதோ தட்டுகிறது. நாலு இஞ்ச் பிரஷ். கண்ணைத் திறந்தால் முகத்துக்கு எதிரே மாப்பிள்ளை, ஏணியில். ஆறு வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்தது அப்போதுதான். மீசை நரைத்திருந்தது.

“மச்சான்! ஏ மச்சான்! ஒறங்குதீரா?”

“யோசிச்சிட்டிருந்தேன்.”

“கொறட்டை விட்டா?”

“யோசன ஆழமா இருந்தா சத்தம் வரும் மாப்பிள்ள.”

கீழே கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளைக்கும் உதடு ஆடியது, அடக்கிக்கொண்டார். தோளில் டர்பன்டைன் டப்பா, இடுப்பில் கிழிந்த துணி.

“அவுத்து விடுதேன். ஆனா மடி கிடி கேக்கப்படாது.”

“மடி இல்லன்னா நான் எறங்க மாட்டேன்.”

“நீரு எறங்க மாட்டீரா? ஒம்மால எறங்க முடியல வே!”

“ரெண்டும் ஒண்ணுதான். சாமி வரட்டும். மொதல்ல என்னையத்தான் பாக்கும்.”

தர்மகர்த்தா கீழேயிருந்து கத்துகிறார், கொம்பையா, பேரம் பேச இதுவா நேரம் என்று. மாப்பிள்ளை டப்பாவைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நானும் விடவில்லை. விட முடியாது என்பது வேறு விஷயம்.

அப்போது கூட்டம் விலகுகிற சத்தம். பார்க்கிறேன், செண்பகம் வருகிறாள். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் செய்தி கேட்டு அப்படியே எழுந்து வந்திருக்கிறாள், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் இட்லி மாவு. தூக்கின கையோடு ஏணிக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்யவில்லை. கையில்தான் மாவாயிற்றே.

“அண்ணே.”

ஆறு வருஷம் கழித்து, சார்.

“என்ன தாயி.”

“அன்னைக்கு அவுக ஒன்ட்ட நேரத்தத் தப்பாவா சொன்னாக?”

பாருங்கள், மேலே ஒரு மனுஷன் ஒட்டிக்கொண்டு கிடக்கிறான், அடி பட்டதா, பசிக்கிறதா என்று கேட்கவில்லை. என்றைக்கோ நடந்ததைக் கேட்கிறாள். ஊர் பூராவும் நிற்கிறது. மைக்செட்காரன் வேறு மைக்கை எங்கள் பக்கம் திருப்பிவிட்டான்.

“பத்திரிகை அடிச்சு அவுக கையாலதான கொண்டுவந்து குடுத்தாக? ஏழரைன்னு வாயாலயும் சொல்லிட்டு வந்தாக. நீ ஒன்பதுன்னு சொன்னாகன்னு ஊருல சொல்லிட்டுத் திரிஞ்ச. பெத்த பிள்ள சடங்குக்கு நேரம் மாத்திச் சொன்ன மனுஷன்னு அன்னைலேருந்து அவுகளத்தான் எல்லாரும் பேசுனாக. வெள்ளத்துர மடியில என் பிள்ள அழுதது எனக்குப் பெரிசில்ல. நீ வராதது கூடப் பெரிசில்ல. சொல்லு, தப்பாவா சொன்னாக?”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கேயோ கோட்டிங் விட்டுப்போன மாதிரி.

வேறு இடமாக இருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். ஷிப்டுக்கு நேரமாயிற்று என்றிருப்பேன். எத்தனை தரம் அப்படிப் போயிருக்கிறேன். அன்றைக்குப் போக வழியில்லை.

“இல்ல தாயி,” என்றேன். “சரியாத்தான் சொன்னாக. ஏழரைன்னுதான் சொன்னாக. நான் ஒறங்கிட்டேன்.”

அவள் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னேன் சார். கண்ணை மூடினேன் என்று சொன்னால் அவளுக்குப் புரியவா போகிறது? ஆனால் அந்த மைக் இருக்கிறதே, ‘ஒறங்கிட்டேன்’ என்பதைப் பெருமாள் கோவில் தெரு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பதினெட்டு அடி உயரத்தில் குறட்டை விட்டதற்குச் சிரித்தவர்கள் அதற்குச் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை டப்பாவைத் திறந்து துணியை நனைத்தார். இடது உள்ளங்கையில் ஆரம்பித்தார், விரல் விரலாக. ஜன்னல் கண்ணாடியில் சிதறின பெயின்டைத் துடைக்கிற மாதிரி, அவ்வளவு பக்குவம். ஒரு கை பிரிந்தது. அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த கைக்குப் போனார். நெஞ்சுக்கு வந்ததும், “பல்லக் கடிச்சுக்கோரும்,” என்றார். கடித்தேன். அந்த மரத்தில் இன்னும் என் நெஞ்சு முடி இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கால் பாக்கி. அதைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஐப்பசி பன்னெண்டு.”

“சரி மாப்பிள்ள.”

“ஏழர மணி. காதுல விழுதா? ஏழர.” அப்புறம் கீழே குனிந்து மைக்கைப் பார்த்துக் கத்தினார்: “எல்லாரும் கேட்டுக்கிடுங்க! மச்சானுக்கு ஏழர மணின்னு சொல்லியாச்சு!”

இப்போது சிரித்தார்கள். வெள்ளத்துரைதான் முதலில் சிரித்தான். தொப்பை குலுங்கினதைப் பார்த்தால் அவனுக்கும் கொஞ்சம் நிம்மதிதான் போலிருக்கிறது.

இறங்கினதும் செண்பகம் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு என்ன, முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். ஆறு வருஷமாகப் பார்க்காத முற்றம். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார் என்றாள். கையைத் துடைத்துவிட்டு, கழுத்திலும் தாடையிலும் மிச்சம் ஒட்டியிருந்ததைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு எடுத்தாள். டர்பன்டைன் பட்ட இடமெல்லாம் எரிந்தது. எண்ணெய் பட்டதும் அடங்கியது. வாய் ஓயவில்லை அவளுக்கு. வயசாச்சே, புத்தியிருக்கா, விழுந்து தொலஞ்சிருந்தா யாரு பாக்கது, ராத்திரி வேலைய விட்டுத் தொலைன்னா கேக்கியா. ஆறு வருஷத்து ஏச்சும் சேர்ந்து வந்தது. நான் கண்ணை மூடவில்லை சார். அன்றைக்கு மட்டும் மூடவில்லை.

சின்னப் பிள்ளை தன்ஷிகா கதவுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக வந்தது. என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தது. விரல் ஒட்டியதும் ஒரு சிரிப்பு. மறுபடி தொட்டது, மறுபடி சிரிப்பு. அப்புறம் திரும்பி நின்று, பாவாடையைத் தூக்கிக்கொண்டு என் மடியில் உட்காரப் பார்த்தது.

“ஏ, இப்ப உக்காராத, ஒட்டிக்கிடுவ!” என்று செண்பகம் பிள்ளையை இழுத்து நிறுத்தினாள். என்னைப் பார்த்து, “நீ இரு. போகையில மாவு கொண்டுட்டுப் போ,” என்றாள்.

எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். உள்ளே போய்க் கிரைண்டரைப் போட்டாள். கல் சுற்ற ஆரம்பித்தது. ஓரத்தில் காய்ந்திருந்த மாவைக் கையால் வழித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நடுவே தள்ளிவிட்டாள்.